ஸ்பிட்ஃபயர் வேண்டாம், சேகர்

கோத்தகிரி,
ஞாயிறு காலை.

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். பச்சைத் தேயிலை விலையைப் பற்றி மட்டும் கேட்காதே. கேட்டால் இந்தக் கடிதம் முழுவதும் அதற்கே போய்விடும். உன் கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் மைத்துனர் சொன்னார், மகிழ்ச்சி.

நேற்றிரவு நீ அனுப்பிய, ரேடியோவால் இயக்கும் ஸ்பிட்ஃபயர் மாதிரி விமானத்தின் படத்தைப் பார்த்தேன். ஒரு மீட்டர் இறக்கை, பச்சையும் பழுப்புமாகப் போர்க்கால வண்ணம், உள்ளே மடங்கும் சக்கரங்கள் என்று பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையைப் போல வர்ணித்திருந்தாய். மே மாதம் ஓய்வு பெற்று ஜக்கனாரை வீட்டுக்கு வந்ததும் இதைத்தான் முதலில் பறக்கவிடப் போவதாகவும் கீழே எழுதியிருந்தாய். தொலைபேசியில் மறுத்துச் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு வைத்துவிடுவாய் என்பதால், உட்கார்ந்து எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடு.

அண்ணன் மகன் விட்டுச்சென்ற நுரை விமானத்தில் நான் பழகிவருவது உனக்குத் தெரியும். சென்ற வாரம் முதன்முதலாக, பக்கத்தில் யாரும் நிற்காமல், அதை நானே ஏற்றி, ஹட்டி (ஊர்) மைதானத்தைச் சுற்றவைத்து, புல்லில் இறக்கினேன். கணக்கு வாத்தியாரிடம் முழு மதிப்பெண் வாங்கிய நாள் என்று ஒன்று நம் வாழ்வில் இருந்திருந்தால், அன்று இப்படித்தான் இருந்திருக்கும். எனவே உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதாகவே கருதுகிறேன்.

ஸ்பிட்ஃபயர்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. 1936-இல் முதன்முதலாகப் பறந்த அந்தப் பிரிட்டிஷ் போர் விமானத்தின் நீள்வட்ட இறக்கையைவிட அழகான இறக்கை பிறகு வந்ததா என்பதே எனக்கு ஐயம். ஆனால் அது சண்டைக்காகப் பிறந்தது. விமானியின் கை அசைந்ததும் புரள வேண்டும் என்பதே அதற்கு முக்கியம், தானாக நிமிர்ந்துகொள்வது அன்று. அந்தக் குணம் சிறிய மாதிரியில் இன்னும் கூர்மையாகிவிடுகிறது. நுனியில் குறுகிய இறக்கை, வேகம் குறையும்போது நுனிப்பக்கம் முதலில் பிடிப்பை இழக்கும், உடனே ஒரு பக்கம் சட்டென்று கவிழும். பதறிப்போய் எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகட்டை) இழுத்தால் சுழன்றுகொண்டே தரைக்கு வரும். எடையையும் கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ விமானத்தைப் பதினேழு, பதினெட்டு சதுர டெசிமீட்டர் இறக்கை தாங்குகிறது என்றால், சதுர டெசிமீட்டருக்கு 55 கிராமுக்கு மேல் வருகிறது. கற்பவனுக்கு அது 30 கிராமை ஒட்டி இருப்பதே நல்லது, ஏனென்றால் சுமை குறைந்த இறக்கை மெதுவாகப் பறக்கும், மெதுவாகப் பறப்பது உனக்கு யோசிக்க நேரம் தரும்.

நம் ஊர்க் காற்று தூத்துக்குடிக் கடற்கரைக் காற்றில்லை என்பதையும் நீ மறந்துவிட்டாய். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி, கடல்மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். ஊட்டிக்குப் போனால் ஐந்தில் நான்கு. அதே விமானம் இங்கே விழாமல் மிதக்க, கடற்கரையில் வேண்டியதைவிட ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுதல் வேகம் வேண்டும். புரொப்பல்லரும் அதே சுழற்சியில் ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் தள்ளும். மின்மோட்டார் என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. மெத்தனாலில் ஓடும் பழைய இன்ஜின்கள் மெலிந்த காற்றில் வலுவிழக்கும், மோட்டாருக்கு அந்தக் குறை இல்லை. ஓரங்குலம் பெரிய புரொப்பல்லரைப் பூட்டி, மோட்டார் இழுக்கும் ஆம்பியர் அளவு மீறாமல் பார்த்துக்கொண்டால், இழந்த விசையைத் திரும்பப் பெறலாம். இறக்கையின் சுமைக்கு அப்படி மாற்று எதுவும் கிடையாது. அது வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது.

அடுத்தது தரை. முதல் விமானத்தை வானத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், விழப்போகும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே நான் இதுவரை கற்றதில் உறுதியானது. நமக்குச் சமதளம் எங்கே இருக்கிறது? ஹட்டி மைதானம், அறுவடை முடிந்த உருளைக்கிழங்குத் தோட்டம், அவ்வளவுதான். அந்த மேடுபள்ளத்தில் ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் உருளாது. உண்மையான ஸ்பிட்ஃபயரிலேயே சக்கரங்கள் நெருக்கமாக அமைந்ததால் தரையில் தள்ளாட்டம் இருந்தது. மைதானத்தைத் தாண்டினால் தேயிலை, தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக், அதற்கும் அப்பால் கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள். சில்வர் ஓக் உச்சியில் மாட்டினால் மழைக்காலம்தான் அதை இறக்கித்தரும்.

இதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. விமானம் தேயிலைக்குள் விழுந்தால் நீ தனியாக உள்ளே இறங்கக் கூடாது. காட்டுமாடுகள் இப்போது பட்டப்பகலிலேயே செடிகளுக்கிடையே படுத்திருக்கின்றன, கரடியும் நடமாடுகிறது. தபால்கார அண்ணனுக்கு நேர்ந்ததை நான் உனக்கு மீண்டும் எழுத வேண்டியதில்லை. விழுந்த இடத்துக்கு நேராகத் தெரியும் மரத்தை அடையாளம் வைத்துக்கொண்டு, மேட்டில் இருப்பவர் ஒருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, துணையோடு சத்தம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு விமானத்தின் விலை உயிருக்கு மேல் இல்லை.

ஆகவே நான் சொல்லும் விமானம் அழகில்லாதது. மல்டிப்ளெக்ஸ் ஈஸி ஸ்டார், பிக்ஸ்லர் போன்ற வகை. இறக்கை உடலின் மேற்புறத்தில், 1.4 மீட்டரை ஒட்டிய நீளத்தில் இருக்கும். மோட்டார் மூக்கில் இருக்காது, இறக்கைக்குப் பின்னால் இருந்து தள்ளும். மூக்கில் குத்தி விழுந்தாலும் புரொப்பல்லரும் மோட்டாரும் தப்பிக்கும். கையால் எறிந்து ஏற்றலாம், வயிற்றால் புல்லில் இறக்கலாம், சக்கரமே தேவையில்லை. எறியும்போது மட்டும் புரொப்பல்லர் உன் கைக்குப் பின்னால் இருக்கிறது என்பதை மறக்காதே, விமானம் கையைவிட்ட பிறகே வேகத்தைக் கூட்டு. இரு இறக்கைகளும் நுனி நோக்கிச் சற்று மேலேறி இருப்பதற்குக் காரணம் உண்டு. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கம் வழுக்கும்போது, தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது, அங்கே தூக்குவிசை கூடி விமானம் தானாக நிமிர்கிறது. நீ குழம்பிப்போனால் கையிலுள்ள கருவியின் குச்சிகளை விட்டுவிடலாம், உயரம் மட்டும் இருந்தால் அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். உடல் ஈ.பி.ஓ. நுரையால் ஆனது என்பதால் முறிந்தாலும் சயனோ எனும் உடனடிப் பசையால் மைதானத்திலேயே ஒட்டலாம். சாதாரணத் தெர்மாகோலை அந்தப் பசை கரைத்துவிடும், பால்சா மரத்தில் செய்ததென்றால் ஒரு விழுதலுக்கு ஒரு வாரப் பழுதுபார்ப்பு.

பணத்தை முதலில் செலவிட வேண்டியது விமானத்துக்கே அன்று, டிரான்ஸ்மிட்டருக்கு, அதாவது கையில் பிடித்து விமானத்தை இயக்கும் கருவிக்கு. விமானம் தேயும், உடையும், மாறும். நல்ல டிரான்ஸ்மிட்டர் எல்லாவற்றுக்கும் பின்னும் உன்னோடு இருக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதாகவும் ஆறு சேனலாவது (தனித்தனிக் கட்டளை வழிகள்) உள்ளதாகவும் பார். இடக்குச்சியில் வேகம் இருக்கும் இரண்டாம் முறையையே வாங்கு, என்னுடையதும் அதுதான், அவசரத்தில் உன் கையிலிருந்து நான் பிடுங்கிக்கொள்ள முடியும். முன்பெல்லாம் நீண்ட ஆன்டெனாவும் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டலுமாக, ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் இரண்டு விமானமும் விழுந்தன. இப்போது விமானத்திலுள்ள ரிசீவர் தன் டிரான்ஸ்மிட்டரை மட்டுமே கேட்கும். ஊட்டிக்கு அருகிலுள்ள முத்தோரை ரேடியோ தொலைநோக்கி 327 மெகாஹெர்ட்ஸ் அளவில் கேட்கிறது, நம் அலை அதற்கு வெகு தொலைவு. ஆனாலும் அந்தப் பக்கம் டிரான்ஸ்மிட்டரைக் கொண்டுபோகாதே. பள்ளிச் சுற்றுலாவில் நீ அங்கே கேட்ட கேள்விக்கே அவர்கள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

அந்த டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் செருகி, விமானம் வாங்குவதற்கு முன்பே, திரையில் பறக்கவிட்டுப் பழகும் சிமுலேட்டரில் பழகு. பேரன் உன்னைவிட வேகமாகக் கற்பான், பொறாமைப்படாதே. அங்கே பழக வேண்டியது சாகசமில்லை, எதிரே வரும் விமானம்தான். உன்னைவிட்டு விலகிப்போகும்போது உன் இடப்பக்கமே அதற்கும் இடப்பக்கம். திரும்பி உன்னை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழாகிவிடும், புதிதாகக் கற்பவர்களின் விமானங்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான். மனக்கணக்குப் போட நேரம் இருக்காது. எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, அது நிமிரும். யோசிக்காமல் கை இதைச் செய்யும்வரை சிமுலேட்டரைவிட்டு எழுந்திருக்காதே. இன்னொன்று, மூக்கு உயர்ந்து வேகம் இறங்கி விமானம் தொங்கும்போது கை தானாக எலிவேட்டரை இழுக்கப் பார்க்கும். இழுக்காதே. மூக்கைத் தாழ்த்து, வேகம் கொடு, பிறகு தூக்கு. தரைக்கு அருகே இதைச் செய்ய மனம் ஒப்பாது என்பதனாலேயே உயரத்தில் பழகச் சொல்கிறார்கள்.

உன் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் கவலை இருக்கிறது. மருத்துவர் வெயிலில் நிற்க அனுமதித்த பிறகே வா. வெள்ளை நுரை நம் மூடுபனியில் இருக்கும் இடமே தெரியாது. மேற்புறத்தில் செம்மஞ்சளும் அடிப்புறத்தில் ஓர் இறக்கைக்கு மட்டும் அடர்கருப்பும் அடித்துவிடுவோம். எது மேல், எது கீழ், எது இடப்பக்கம் என்று ஒரே பார்வையில் தெரியும்.

பறக்கவிடும் நேரம் விடிந்த பிறகு ஓரிரு மணி நேரம். இரவில் சரிவிறங்கிய குளிர்க்காற்று ஓய்ந்து, வெயிலில் சூடான பள்ளத்தாக்குக் காற்று மேலேறத் தொடங்குவதற்குள் ஓர் அமைதி கிடைக்கும். பத்து மணிக்கு மேல் மேட்டின் காற்று மறைவுப் பக்கம் போனால், காற்று உருண்டு கீழே இறங்கி விமானத்தையும் கூடவே இழுத்துச் செல்லும். அந்தப் பக்கம் பறக்கவே விடாதே. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் சிமுலேட்டரோடு வீட்டிலேயே இரு. மே மாதத்தில் நமக்குக் கிடைப்பது சில காலைகளே.

லித்தியம் பாலிமர் பேட்டரியில் விளையாட்டுக் கூடாது. ஒரு செல் முழுமையாக ஏறினால் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். 3.5-க்குக் கீழே போவதற்கு முன் விமானத்தைத் தரையிறக்கிவிடு. பயன்படுத்தாத நாட்களில் 3.8-இல் வை. ஊதிப்போனதை மீண்டும் சார்ஜ் செய்யாதே, சார்ஜ் ஏறும்போது அறையைவிட்டுப் போகாதே. குளிர்ந்த காலையில் பேட்டரி சோர்ந்துவிடும், புறப்படும்வரை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள். விதிகளைப் பொறுத்தவரை, 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது, பச்சையில் 400 அடி வரை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் ஜக்கனாரையைப் பார்த்துவிட்டு வா. பாதுகாப்புத் துறை இடங்கள் உள்ள வெலிங்டன், அருவங்காடு பக்கமும் காட்டோரமும் நமக்கு வேண்டவே வேண்டாம்.

முதல் நாள் விமானத்தின் எடைமையத்தை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், விமானத்துடன் வரும் தாளில் சொன்ன இடத்தில் இரு விரல்களால் தாங்கினால் அது சமமாக நிற்க வேண்டும். வால் கனத்தால் எறிந்த கணமே கட்டுப்பாடு போய்விடும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி அதைச் சரிசெய்வது சுலபம், ஆனால் நீ தனியாக அவசரப்படுவாய் என்று எனக்குத் தெரியும்.

புறப்படும் தேதியை முன்கூட்டியே எழுது, மேட்டுப்பாளையத்துக்கு வண்டியோடு வருகிறேன். வழியில் கோயம்புத்தூரில் இறங்கி எட்டங்குலப் புரொப்பல்லர் நான்கைந்து வாங்கி வா, பணத்தைக் கையில் தருகிறேன். தூத்துக்குடி மக்ரூன் இரண்டு கிலோவும் வேண்டும். சென்ற முறை போல நொறுக்கிக்கொண்டு வராதே.

உன்,
போஜன்