அருவிக்குக் காலையிலேயே போய்விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை விட்டால் கெடாவின் பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து ஜெராய் மலை அருவிகளுக்குப் போகிறோம். நல்ல வழக்கம்தான். துப்பாவிலும் யான் பக்கம் தித்தி ஹாயுனிலும் கீழே உள்ள குளங்கள் வரை சின்னப் பிள்ளைகளும் நடந்துவிடலாம். கோளாறு, கோயில் இளைஞர் பிரிவுகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் போடும் நேர அட்டவணையில் இருக்கிறது. பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, அடுப்பு மூட்டிச் சமைத்து, சாப்பிட்டு முடித்து, மூன்று மணிக்குப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் இடியோடு மழை பிடிப்பது பெரும்பாலும் பிற்பகலில்தான்.

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். சமவெளியில் தனியாக நிற்கும் மலை என்பதால் உச்சியில் மழை கொட்டும்போது அடிவாரத்தில் வெயில் அடிக்கலாம். ஓடைகள் குட்டையானவை, சரிவு செங்குத்து. மேலே பெய்த மழை கீழே வர அதிக நேரம் பிடிக்காது. வழியில் மரமும் பாறையும் அடைத்துத் தேங்கி, அந்த அடைப்பு உடைந்தால் திடீர் வெள்ளம் பாயும், அதுதான் கெப்பாலா ஆயர். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி யான் வட்டாரத்தில் உயிர்களைக் கொண்டுபோனது அதுவே.

ஆகவே எட்டு மணிக்கு அருவியில் இருங்கள், பன்னிரண்டு மணிக்குள் கரையேறிவிடுங்கள். சமையல் வேண்டாம், புளிசாதமோ நாசி லெமாக்கோ வீட்டிலேயே கட்டிக்கொண்டு போகலாம். முதல்நாள் மழை பலமாக இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். இடம் திறந்திருக்கிறதா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பாய் விரிக்கும் இடத்தைக் கவனியுங்கள். அக்கரைப் பாறை அழகாகத்தான் இருக்கும். ஆனால் தண்ணீர் ஏறினால் திரும்பி வர வழியில்லை. வண்டி நிற்கும் கரையிலேயே, பழைய வெள்ளத்தின் சருகும் குச்சியும் ஒதுங்கிய கோட்டுக்கு மேலே உட்காருங்கள். பெரியவர் ஒருவர் குளிக்காமல், கைப்பேசியைப் பார்க்காமல், மேல்பக்கத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் கலங்கித் தே தாரிக் (பால் தேநீர்) நிறமாகிறதா, இலையும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வருகிறதா, இரைச்சல் கூடுகிறதா, காரணமில்லாமல் நீர் மட்டம் குறைகிறதா? இதில் ஒன்று தெரிந்தாலும் எல்லோரும் உடனே மேலேற வேண்டும். மட்டம் குறைவதைத்தான் பலர் அலட்சியம் செய்கிறார்கள். மேலே எங்கோ அடைத்துக்கொண்டிருக்கலாம். ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடாதீர்கள், தண்ணீர் உங்களை முந்திவிடும். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். பையும் சட்டியும் கிடக்கட்டும்.

அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே பிள்ளைகளை விடக்கூடாது. அங்கே நுரைத்த தண்ணீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு சரியாக மிதக்காது. கை எட்டும் தூரத்தில், பிள்ளையின் இடுப்பளவு ஆழமே போதும்.

காலுக்கு நம் பால்மரம் வெட்டுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் காலணியே சிறந்தது. தண்ணீர் குடிக்காது, அடியிலுள்ள குமிழ்கள் சேற்றையும் வேரையும் பிடிக்கும். ஆனாலும் பாசி படிந்த வழவழப் பாறையில் அதுவும் வழுக்கும். அங்கே ஈரப் பாறைமேல் தாவாமல் ஓடையின் மணல் தரையில் கால் வைத்து நடக்க வேண்டும். ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு) வேண்டவே வேண்டாம். காலுறையைக் கால்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டால் அட்டை ஏறுவது குறையும். கடித்துவிட்டால் இழுக்காமல், நகத்தை வாய்ப்பக்கம் நுழைத்துத் தள்ளுங்கள். ரத்தம் உறையாதபடி அட்டை ஒரு பொருளைச் செலுத்துவதால் சற்று நேரம் கசியும். அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

மீந்த சோற்றைப் பாறையில் கொட்டிவிட்டு வருவதுதான் மனத்தை வருத்துகிறது. அதற்கு எலி வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்துதான் எலிக்காய்ச்சல் தொற்றுகிறது. 2010இல் பகாங் மாநிலத்தின் லுபோக் யூ அருவிப் பகுதியில் மீட்புப் பணிக்கு இறங்கியவர்களிடையே இந்நோய் பரவியதை மறக்கக்கூடாது. காயம் உள்ள பிள்ளையைத் தண்ணீரில் இறக்காதீர்கள், ஓடைத் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், குப்பை முழுவதையும் வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். அடுத்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோ கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், அருவியில் குளித்ததை கிளினிக்கில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
பீடோங், கெடா