கிளியூர் அருவிப் பயணக் கட்டணத்தைத் திருப்பித் தராதது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்களிடம் ஏற்காடு ஒருநாள் பயணம் பதிவு செய்த வாடிக்கையாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
சுற்றுலாப் பயண ஏற்பாட்டு நிறுவனம், சேலம்.

பொருள்: அருவிக்குச் செல்லத் தடை இருந்ததை மறைத்துப் பணம் பெற்றது, கட்டணம் 8,700 ரூபாயைத் திருப்பித் தராமல் அலைக்கழிப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அக்டோபர் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடந்த பயணத்திற்காக இன்றோடு 43 நாட்களாக நான் தங்கள் நிறுவனத்தின் பின்னால் நடந்துகொண்டிருக்கிறேன். பதினான்கு முறை தொலைபேசியில் பேசிவிட்டேன். ஐந்து ரோட்டில் உள்ள தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறையும், ஏற்காட்டில் ஒண்டிக்கடை அருகில் உள்ள தங்கள் கிளைக்கு ஒரு முறையும் வந்து போயிருக்கிறேன். பேசிப் பேசி ஓய்ந்துபோன பிறகுதான் இதை எழுத்தில் தருகிறேன். இந்தக் கடிதத்தையாவது பொறுப்பில் உள்ள ஒருவர் முழுவதுமாகப் படிக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

'கிளியூர் அருவி, வழிகாட்டியுடன், ஆளுக்கு 1,450 ரூபாய்' என்ற தங்கள் விளம்பரத்தைப் பார்த்து ஆறு பேருக்குப் பணம் கட்டினேன். சேலத்திலேயே இருப்பவனுக்கு ஏற்காடு போக நிறுவனம் எதற்கு என்று என் மனைவியே கேட்டார். என் அத்தைக்கு வயது 74. பிலாயில் மகன் வீட்டில் இருக்கும் அவர் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஊருக்கு வந்திருந்தார். என் தாத்தா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்த காலத்தில், ஏரி நிரம்பிக் கலுங்கு வழியத் தொடங்கினால் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாம் கிளியூருக்கு ஓடுவார்களாம். அந்த அருவியை இன்னொரு முறை பார்த்துவிட்டால் போதும் என்பதைத் தவிர அவர் எங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. வயதானவரைப் பாதுகாப்பாக அழைத்துப் போக வேண்டும், அன்றைய நிலவரம் தெரிந்தவர்கள் உடன் இருக்க வேண்டும் என்பதற்காகவே தங்களை நம்பினேன்.

ஏரியிலிருந்து வெளியேறும் உபரிநீர்தான் சுமார் 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாக விழுகிறது என்பதை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் தொடர்ந்து மழை பெய்து ஏரி வழிந்தால் அருவிக்கு நீர்வரத்து கூடும் என்பதும், பாறைகள் வழுக்கும் அந்த நேரத்தில் யாரையும் வனத்துறை கீழே இறங்க விடாது என்பதும் வாரந்தோறும் வண்டி விடும் தங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தடை போட்டதற்காக நான் வனத்துறையைக் குறை சொல்லவில்லை. அவர்கள் செய்தது முழுக்கச் சரி. அன்றைக்கு யாராவது எங்களைக் கீழே இறங்க விட்டிருந்தால் அதுதான் குற்றமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்தத் தடை ஞாயிற்றுக்கிழமை காலையில் திடீரென்று வந்ததல்ல. அருவிக்கு இறங்கும் வழியின் குறுக்கே நைலான் கயிறு கட்டி, அதில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மழையில் நனைந்து ஓரம் உப்பியிருந்த அந்த அட்டையில் நீல மையில் எழுதியிருந்த தேதி வெள்ளிக்கிழமையின் தேதி. அதாவது, 'நாளை கிளியூர் அருவி உறுதி, காலை 7 மணிக்குத் தயாராக இருக்கவும்' என்று தாங்கள் எனக்குச் சனிக்கிழமை இரவு 9.10 மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியபோது அந்தக் கயிறு கட்டி ஒரு நாளுக்கு மேல் ஆகியிருந்தது. "எனக்கு முந்தாநாளே தெரியுங்க சார், ஆபீசுலதான் சொல்ல வேண்டாம்னாங்க" என்று தங்கள் ஓட்டுநரே என்னிடம் சொன்னார். அவர் மீது நடவடிக்கை எடுத்துவிடாதீர்கள். அன்று எங்களிடம் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

மரங்களுக்கு அப்பால் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டது. அத்தை அந்தக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அசையாமல் நின்றார். கணுக்காலில் அட்டைப் பூச்சி ஏறி இரத்தம் வழிந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. என் மகள்தான் பார்த்து உப்பு கேட்டு ஓடினாள். தங்கள் வழிகாட்டி என்று ஒருவர் அன்று வரவே இல்லை. அருவிக்குப் பதிலாக எங்களை ரோஜாத் தோட்டத்துக்கும் ஒரு சாக்லேட் கடைக்கும் அழைத்துப் போய்விட்டு, பயணம் முழுமையாக நிறைவேறியது என்று தங்கள் பதிவேட்டில் எழுதியிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை அத்தை ரயில் ஏறிவிட்டார். அவருடைய மூட்டு வலியோடு இனி ஒரு முறை அவ்வளவு தூரம் பயணம் செய்து வருவார் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தாங்கள் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது 8,700 ரூபாய் அல்ல, ஒரு மனுஷியின் கடைசி ஆசை.

நவம்பர் 4ஆம் தேதி காலை 11.20 மணிக்கு, பணம் திருப்பித் தரும் பிரிவு என்று சொல்லிப் பேசிய தங்கள் ஊழியரிடம் இதையெல்லாம் பொறுமையாகவே சொன்னேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "சேலத்துக்காரங்கதானே நீங்க? அருவி எங்கயும் ஓடிப் போயிடாது. இன்னொரு நாள் பஸ் ஏறிப் போய்ப் பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிட்டார். நான் இருபத்தாறு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன். என்னிடம் இப்படி யாரும் பேசியதில்லை. அந்த அழைப்பு தங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து எடுத்துக் கேளுங்கள்.

அதற்கு முன்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். அருவிக்குப் போகவில்லை என்று ஏற்காடு கிளையில் ரசீதின் பின்புறம் முத்திரை வாங்கி வந்தால் பணம் உடனே கிடைக்கும் என்று ஐந்து ரோட்டு அலுவலகத்தில் சொன்னார்கள். அதை நம்பி ஒரு வியாழக்கிழமை, கொட்டும் மழையில், இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் பேருந்தில் ஒண்டிக்கடைக்குப் போனேன். கிளை பூட்டிக் கிடந்தது. சனி, ஞாயிறு மட்டும்தான் திறப்பார்கள் என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். தங்கள் சொந்தக் கிளை எந்தெந்தக் கிழமையில் திறக்கும் என்பது தங்கள் சொந்த அலுவலகத்துக்குத் தெரியாதா? அந்தக் கதவின் முன்னால் நின்றுகொண்டே அலுவலகத்தை அழைத்தபோது, "அப்படியா, அப்ப சனிக்கிழமை வாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். முதியவர் ஒருவரை ஒரு முத்திரைக்காக மலை ஏற வைத்தோமே என்ற வருத்தம் ஒருவர் குரலிலும் இல்லை. மறுநாளிலிருந்து நான்கு நாள் காய்ச்சலில் கிடந்தேன். மருத்துவச் செலவு தனி.

வழிகாட்டி வராதது, மதிய உணவு பாதிப் பேருக்கே போதியது போன்றவற்றை நான் பெரிதாக்கப் போவதில்லை. தடை இருப்பதைச் சனிக்கிழமை இரவே ஒரு வரியில் சொல்லியிருந்தால் பயணத்தை நானே ஒத்தி வைத்திருப்பேன், தங்கள் மீது ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போதும் தாங்கள் இதை நல்லபடியாக முடித்துவைப்பீர்கள் என்றே எதிர்பார்க்கிறேன்.

அதே சமயம், நான் விவரம் தெரியாதவன் என்று நினைத்துவிட வேண்டாம். வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(11) கூறுகிறது. குறைபாடான சேவைக்குப் பெற்ற பணத்தை, ரசீதில் வேறு கெடு குறிப்பிடாதபோது 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று பிரிவு 2(47) சொல்கிறது. தங்கள் ரசீதில் அப்படி எந்தக் கெடுவும் இல்லை. முப்பது நாட்கள் கடந்துவிட்டன. சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம்கூடக் கிடையாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கட்டணம் 8,700 ரூபாயையும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடாக 50,000 ரூபாயையும் என் வங்கிக் கணக்கில் செலுத்தும்படியும், நவம்பர் 4ஆம் தேதி பேசிய ஊழியரின் எழுத்துப்பூர்வமான மன்னிப்பை என் அத்தையின் பெயருக்கு அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன். தவறினால் பதினாறாம் நாள் காலையில் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். ரசீதின் நகல், தங்கள் வாட்ஸ்அப் செய்தியின் நகல், கயிற்றில் தொங்கிய அட்டையை நான் எடுத்த படம் ஆகிய மூன்றையும் இணைத்துள்ளேன். ரசீதின் அசல் என்னிடமே இருக்கும். முத்திரை வாங்க இனி நான் மலை ஏற மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற ஆசிரியர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.