மங்கலுக்கு லென்ஸ் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொலைவிலுள்ள பறவை படத்தில் தெளிவாக விழாவிட்டால் பலரும் லென்ஸைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கானல். சூடேறிய தரைக்கு மேல் காற்றின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஒளி நெளிகிறது. தொலைவிலிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ், பறவையோடு அந்த நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். ஷட்டர் வேகத்தை 1/4000 நொடிக்கு ஏற்றினாலும் தீராது, கேமராவைத் தாங்கும் முக்காலியும் உதவாது. ஒரே காட்சியைப் பத்துப் படங்கள் தொடர்ந்து எடுங்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடம் மங்கியிருந்தால் கானலேதான். விடிந்த கையோடு எடுப்பதும் தொலைவைக் குறைப்பதும்தான் நல்ல மருந்து. காரிலிருந்து எடுப்பவர்கள் ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, உள்ளும் புறமும் வெப்பம் சமமாகும்வரை பொறுக்க வேண்டும்.

குளிர் நாடுகளில் வேறு தொல்லை: வெதுவெதுப்பான அறைக்குள் நுழைந்ததும் குளிர்ந்த லென்ஸில் நீர் படியும். வெளியிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிட்டு, உள்ளே வந்து ஓரிரு மணி நேரம் திறக்காதீர்கள். மெமரி கார்டை முன்பே எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படம் பார்க்கும் ஆவலில் பையைத் திறக்காமல் கை சும்மா இருக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். கூடு தெரியவேண்டுமென்று சிலர் கிளைகளை விலக்குகிறார்கள். குஞ்சுகள் வெயிலில் வாடும், காகத்தின் கண்ணிலும் படும். வாசகர்கள் அனுப்பும் பறவைக்கூட்டுப் படங்களை வெளியிடாதீர்கள்.

— ஒரு வாசகர்