தொப்பி நாடா

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு வேலை காரணமில்லையடி, மூச்சுதான். பெரு நாட்டு மலையூரான குஸ்கோவில் இறங்கி இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை. கோகா இலை போட்ட வெந்நீரைக் குடித்துத்தான் தேறினேன்.

மச்சு பிச்சு படங்களை மகள் அனுப்புவாள். நான் சொல்ல வந்தது ஒரு தொப்பி நாடாவைப் பற்றி.

இங்கே மலைக் கிராமத்துப் பெண்கள் ‘மொந்தேரா’ என்று தட்டுபோல ஒரு தொப்பி வைக்கிறார்கள். தலையில் இறங்கி உட்காராது, உச்சியில் சும்மா இருக்கும். காற்று தூக்கிக்கொண்டு போகாமல் தாடைக்குக் கீழே ஒரு நாடா போட்டுப் பிடிக்கிறார்கள். அதில் வெள்ளை மணி கோத்திருக்கும். இங்கத்து மலைமக்கள் பேசும் கெச்சுவா மொழியில் ‘சங்காப்பா’ என்று பெயர். ஊர்க் கடையில் பார்த்ததும் ஒன்று வாங்கிவிட்டேன், பேரம்கூடப் பேசவில்லை.

மறுநாள் சின்செரோ போனோம். 3,700 மீட்டருக்கு மேலே இருக்கிற நெசவு ஊர். அங்கே ஓர் அம்மாள் என் நாடாவை வாங்கி, பேசாமல் திருப்பிப் போட்டாள். பின்பக்கம் முழுக்க நூல் தொங்கல். பிறகு தன் நாடாவைத் திருப்பினாள். அதே ‘லோராய்பு’ கோலம், நிறம் மட்டும் இடம் மாறி, சிவப்பு இருந்த இடத்தில் வெள்ளை. கைநெசவில் இரு முகமும் முகம்தான். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்கே காசு கொடுக்கலாம்.

தறி என்று ஒன்றுமில்லை. சிறுமிகள் பாவு நூலின் ஒரு முனையை இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு ‘ஹாகிமா’ என்ற குறுகல் நாடாவில்தான் கை பழகுகிறார்கள். எந்த இழையைத் தூக்குவது என்பது மனக்கணக்கு, தாளில் ஒன்றும் கிடையாது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். நாலாவது வரிசையில் கணக்கு தப்பியது, கட்டைவிரலும் மரத்துவிட்டது.

சிவப்புச் சாயம் சப்பாத்திக்கள்ளியில் ஒட்டும் கோச்சினீல் பூச்சி. உள்ளங்கையில் நசுக்கினால் ரத்தம் மாதிரி, எலுமிச்சை பிழிந்தால் ஆரஞ்சு. நம்ம சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பூச்சிக்காகவே கள்ளித்தோட்டம் போட்டாராம். வந்து சேர்ந்ததோ மட்டரகப் பூச்சி.

அந்த அம்மாளிடமே ஒரு நாடா வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். கடை நாடா என் பெட்டியைக் கட்ட உதவுகிறது. வந்ததும் திருப்பிப் பார்த்துவிட்டு எழுது.

உன்,
வசந்தா