கொரியன் படிக்கப் போகிற தங்கச்சிக்கு

தங்கச்சி,

கம்பஸில் கொரியன் மொழியை மட்டும் படித்தால் காணாதா, அந்த நாட்டு வரலாறு, சமூகம், பண்பாடு எல்லாம் எதற்கு என்று நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். மாமா சொன்னதும் காதுக்கு வந்தது. கொரியாவுக்கு வேலைக்குப் போக அந்த மொழிப் பரீட்சை பாஸ் பண்ணினால் சரி, கம்பஸ் எதற்காம். அவரில் பிழை இல்லை, முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனை பெடியள் அதற்காக முட்டி மோதுகிறார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது வாசிக்கவும் கேட்டு விளங்கவும் தெரியுமா என்று மட்டும் பார்க்கிற பரீட்சை. நீ கேட்பது பட்டம்.

நீ இரவிரவாகப் பார்க்கிற நாடகங்களில் வயதுபோன பாட்டிமார் சும்மா இருந்தாற்போல அழுவார்களே, அதற்குப் பின்னால் 1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போர் இருக்கலாம். போர் நின்று முப்பது வருடம் கழித்து, 1983 ஜூன் 30 அன்று, தென்கொரியாவின் கேபிஎஸ் தொலைக்காட்சி போரில் பிரிந்த உறவுகளைத் தேட ஒரு நிகழ்ச்சி தொடங்கியது. ஒன்றரை மணித்தியாலம் போதும் என்று நினைத்தார்கள், 138 நாள் போனது. பெயர், ஊர், எங்கே பிரிந்து போனார்கள் என்று மட்டையில் எழுதிப் பிடித்தபடி சனம் சியோலில் அந்த நிலையத்து வாசலிலேயே கிடந்தது. திரையின் இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர், உடம்பில் தழும்பு இருக்கிறதா, வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று மாறி மாறிக் கேட்டு, ஒன்று பொருந்தியதும் கத்துகிறார்கள். பத்தாயிரத்துக்கு மேல் குடும்பங்கள் அப்படிச் சேர்ந்தன. 2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற அம்மாமாரைத் தாண்டி ரியூசனுக்குப் போனவள் நீ. இதை உன்னளவுக்கு வாசிக்கத் தெரிந்த மாணவி அந்த வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்?

சீனத்தையும் தள்ளி வைக்காதே. காலியில் 1911இல் ஒரு கல் கிடைத்தது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பற்படை கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதி. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாவுக்கு என்று காணிக்கை. மொழி தெரிந்தவர்கள் எழுத்தை வாசித்துவிடலாம், ஆனால் ஏன் மூன்று பேரையும் மனம் கோணாமல் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், அந்தக் கடலில் யார் யார் வியாபாரம் செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கல் கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது, போனால் பார்.

கஷ்டம் இல்லை என்று சொல்லமாட்டேன். வாசிக்கத் தருவது முக்கால்வாசி ஆங்கிலம், நோட்ஸ் தந்து ஊட்டிவிட ஆள் இல்லை, முதல் வருடம் கண்ணைக் கட்டும். களனிப் பல்கலைக்கழகத்தில் சீனம், ஜப்பானியம், கொரியன் மூன்றும் இருக்கின்றன. பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் எந்த மொழியோடு எந்தப் பாடம் சேர்க்கலாம் என்று பார்த்து எனக்கு அனுப்பு. மாமாவோடு நான் கதைக்கிறேன்.

அக்கா