புதுப்பிப்பை நிறுத்துபவர்கள் பூட்டையாவது திறந்துவிடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், 'பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கைபேசியை மாற்றிவிடுவதே பொறுப்பான பயனாளருக்கு அழகு' என்று உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு வழங்கியிருந்தார். புதுப்பிப்பை நிறுத்தியது யார், ஏன் நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகும் அந்தக் கருவியின் பூட்லோடரை (கருவியை இயக்கியதும் முதலில் ஓடி, எந்த இயங்குதளத்தை ஏற்றலாம் என்று முடிவுசெய்யும் நிரலை) எதற்காகப் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விகள் அவருக்குத் தோன்றவே இல்லை. பொறுப்பு முழுவதும் காசு கொடுத்து வாங்கியவன் தலையில். விற்றவருக்கு அழகு எது என்று ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

அந்தப் பொறுப்பான பயனாளர்களில் நானும் ஒருவன். என்னிடம் இருக்கும் கைபேசியில் திரை, பேட்டரி, ஒலிபெருக்கி எதிலும் பழுதில்லை. புதுப்பிப்பு மட்டும் நின்றுவிட்டது. 'நீங்கள் இனி கவனிக்கப்போவதில்லை என்றால் பூட்லோடரைத் திறக்கும் குறியீட்டைத் தாருங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினேன். மதிப்புக்குரிய வாடிக்கையாளரான என்னுடைய பாதுகாப்பைக் கருதி அப்படிச் செய்ய இயலாது என்று பதில் வந்தது. எந்தப் பாதுகாப்பு என்றால், அவர்களே கொடுக்க மறுத்துவிட்ட பாதுகாப்பு. அந்த மின்னஞ்சலின் அடியில் புதிய மாடலுக்கான தள்ளுபடிச் சுட்டி ஒன்றும் இருந்தது. அதை இணைக்க மட்டும் அவர்கள் மறக்கவில்லை.

அதைவிடப் பழைய, வேறொரு நிறுவனத்தின் கைபேசி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதன் பூட்டைத் திறக்க அந்த நிறுவனம் அனுமதித்திருந்தது. ஒலி குறைக்கும் பொத்தானையும் பவர் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, மென்பொருளை மாற்றுவதற்கான ஃபாஸ்ட்பூட் திரை வந்ததும் கேபிளால் கணினியுடன் இணைத்து, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் உருவாக்கும் இயங்குதளமான லீனியேஜ் ஓஎஸ் நிறுவினேன். முதல் முறை இயங்கத் தொடங்கும்போது அதன் வட்டச் சின்னம் நெடுநேரம் சுழன்றுகொண்டிருந்ததில் வயிறு கலங்கியது உண்மைதான். ஆனால் இன்றும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றை அனுப்புபவர் அதே மாடலை வைத்திருக்கும் ஒரு தன்னார்வலர். சம்பளம் வாங்காமல் ஓய்வு நேரத்தில் செய்கிறார். ஆயிரக்கணக்கான பொறியாளர்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு முடியாததாகச் சொல்லப்படும் வேலை இதுதான்.

இது புதிய கதையும் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. கேலக்ஸி எஸ்3-இன் 1 ஜிபி நினைவகம் ஆண்ட்ராய்டு 4.4-க்குப் போதாது என்று 2014-இல் சாம்சங் கைவிரித்தது. 512 எம்பி நினைவகத்திலும் ஓடும் என்று சொல்லித்தான் கூகுள் அந்தப் பதிப்பையே வெளியிட்டிருந்தது. அதே எஸ்3-இல், ஆண்ட்ராய்டைத் தாங்களே மாற்றியமைத்து வெளியிட்டுவந்த சயனோஜென்மாட் குழுவினர் 4.4-ஐ ஓட்டிக் காட்டினார்கள். அவர்கள் வழிவந்த லீனியேஜ் குழுவினர் பின்னர் 7.1 வரை கொண்டுபோனார்கள். சிப் தயாரித்த குவால்காம் ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகும், 2015-இல் வந்த ஃபேர்போன் 2-க்கு 2021-இல் ஆண்ட்ராய்டு 9 கிடைத்தது. அதற்கு அந்தச் சிறிய நிறுவனம் துணைக்கு எடுத்துக்கொண்டதும் இதே லீனியேஜ் சமூகத்தின் உழைப்பைத்தான். சிக்னலைக் கையாளும் மோடம் போன்ற பாகங்களுக்குள் இருக்கும், மூல நிரல் வெளியிடப்படாத மூடிய நிரல்களைத் தன்னார்வலர்களால் தொட முடியாது என்பதை நான் மறைக்கவில்லை. அவற்றை மூடி வைத்திருப்பவர்கள் யார் என்பதையும் மறைக்க வேண்டாம் என்கிறேன்.

திருடன் கையில் கைபேசி சிக்கினால் என்னாவது என்று உடனே கேட்பார்கள். முறைப்படி பூட்லோடரைத் திறந்தால் உள்ளிருக்கும் தரவு முழுவதும் அழிந்துவிடும். அதைத் திறக்கவும் முதலில் திரைப்பூட்டைக் கடந்து அமைப்புகளுக்குள் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். கூகுளின் பிக்சல் கைபேசிகளில் வேறு இயங்குதளத்தை நிறுவிவிட்டு, அதன் டிஜிட்டல் சாவியைக் கொண்டே மறுபடி பூட்டிக்கொள்ளவும் முடிகிறது. ஆகவே பாதுகாப்பும் திறப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற வாதம் எடுபடாது.

எழுத உட்கார்ந்துவிட்டதால் நெடுநாள் மனக்குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் ஹுவாவே திறப்புக் குறியீடு கொடுப்பதையே நிறுத்தியது. ஷாவ்மி, திறக்க விண்ணப்பித்தவர்களை நாள்கணக்கில் காக்க வைத்தது. 2021-இல் கைபேசித் தொழிலை விட்டே விலகிய எல்ஜி, அந்த ஆண்டின் இறுதியோடு பூட்லோடர் திறக்கும் சேவையையும் மூடிவிட்டது. கடையைக் கட்டியவர் சாவியை ஏன் எடுத்துப்போனார் என்று அப்போது எந்தப் பத்திரிகை கேட்டது? ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலின் ஜிபிஎல் என்ற திறமூல உரிமப்படி மூல நிரலைக் கொடுத்தே ஆக வேண்டிய நிறுவனங்கள், கைபேசி விற்றுத் தீரும் நேரத்தில் அரைகுறையாக எதையோ வெளியிடுவதும் நடந்துகொண்டேதான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை வங்கிச் செயலிகள் செய்வது. ஆண்டுக்கணக்கில் ஒரு திருத்தமும் பெறாத, ஓட்டைகள் நிறைந்த என் பூட்டிய கைபேசியில் என் வங்கியின் செயலி மறுபேச்சின்றித் திறக்கிறது. அண்மைத் திருத்தங்கள் அனைத்தும் சேர்ந்த, லீனியேஜ் நிறுவிய பழைய கைபேசியிலோ, 'இக்கருவி பாதுகாப்பற்றது' என்று என் முகத்தில் அறைந்து மூடிக்கொள்கிறது. கருவியை நம்பலாமா என்று அறியச் செயலிகள் பயன்படுத்தும் கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை, நிறுவனம் கொடுத்த மென்பொருள்தானா என்பதைத்தான் முதலில் பார்க்கிறது. ஓட்டை அடைபட்டிருக்கிறதா என்பது பல செயலிகளுக்குப் பொருட்டே இல்லை. உங்கள் கட்டுரையாளர் பாதுகாப்பைப் பற்றி எழுதத் தேடினால், பொருள் இங்கே கொட்டிக் கிடக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்புகளைக் கேட்கிறது. நல்லதுதான். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் பூட்டைத் திறந்துவிடு என்று அதுவும் சொல்லவில்லை.

சட்டத்தைத் திருத்தும்படி தங்களைக் கேட்கவில்லை. அது தங்கள் கையில் இல்லை என்று அறிவேன். மாதந்தோறும் நீங்கள் வெளியிடும் கைபேசி மதிப்பீட்டு அட்டவணையில் இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும்: புதுப்பிப்பு எந்தத் தேதிவரை உறுதியளிக்கப்பட்டிருக்கிறது, பூட்லோடரைத் திறக்க நிறுவனம் அனுமதிக்கிறதா இல்லையா. பின்பக்க உறையின் பளபளப்பை வருணிக்க ஒரு பத்தி ஒதுக்க முடிகிற அட்டவணையில், இந்த இரண்டு வரிக்கும் இடம் கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்