ஆண்டறிக்கை 2025: விங்கும் விதிப்புத்தகமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2025ஆம் ஆண்டில் நம் எண்டியூரன்ஸ் (பல மணி நேரம் ஓடும்) கார்ப் பந்தய ரசிகர் சங்கம் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

நிர்வாக விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஃபார்முலா ஒன் பார்த்துச் சலித்து நம் பக்கம் வந்தவர்கள், வரட்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நூலகத்திலிருந்து போன பழைய பந்தய மலர்கள் சில இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

இந்த ஆண்டுக் கூட்டங்களுக்கு எண்டியூரன்ஸ் பந்தயத்தில் கார் நிறுவனங்கள், தொழில்நுட்பம், வடிவமைப்பு என்பதைப் பொதுத் தலைப்பாக வைத்தோம். ஆடி 2016 முடிவிலும், போர்ஷே 2017 முடிவிலும் உச்சப் பிரிவை விட்டுப் போனபின், 2018இல் பிரான்சின் 24 மணி நேரப் பந்தயமான லெ மானில் ஹைப்ரிட் (எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்த) காருடன் நின்ற பெரிய நிறுவனம் டொயோட்டா ஒன்றுதான். செலவு கட்டுப்படியாகவில்லை. இந்த ஆண்டு, இப்போது ஹைப்பர்கார் எனப்படும் அந்த உச்சப் பிரிவில் ஃபெராரி, டொயோட்டா, போர்ஷே, காடிலாக், பிஎம்டபிள்யூ, பெஜோ, அல்பீன், ஆஸ்டன் மார்ட்டின் என எட்டு பெயர்கள்.

இத்தனை பேரை இழுத்து வந்தது விதிப்புத்தகம் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசினோம். ஹைப்பர்கார் பிரிவில் எடை 1,030 கிலோவுக்குக் குறையக் கூடாது, சக்தி சுமார் 500 கிலோவாட்டோடு நின்றுவிடும். காற்றுத்தடைக்கும், காரைத் தரையோடு அழுத்தும் காற்று விசையான டவுன்ஃபோர்ஸுக்கும் வரம்பு உண்டு. அதற்கு மேல் காற்றைப் பிழிந்து எடுக்கப் பணத்தைக் கொட்டினாலும் பயனில்லை. அப்புறம் என்ன, முன்பு காற்றோட்டத்தைக் கணக்கிடும் ஏரோ பொறியாளரிடம் மட்டும் இருந்த பேனா ஸ்டைலிங் பிரிவின் கைக்கும் போனது. அதே பிரிவில் பொதுப் பாகங்களை வைத்துக் கட்டப்படும் எல்எம்டிஹெச் வகைக் கார்களில் இது இன்னும் தெளிவு. சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, டல்லாரா, ஒரெக்கா, லிஜியே, மல்ட்டிமேட்டிக் என்ற நால்வரில் ஒருவரிடம் வாங்க வேண்டும். ஹைப்ரிட் பாகங்கள் எல்லோருக்கும் பொது. எஞ்சினும் மேல்தோற்றமும் மட்டுமே நிறுவனத்தின் சொந்தச் சரக்கு. பிஎம்டபிள்யூவும் காடிலாக்கும் அமர்ந்திருப்பது டல்லாரா சேசிஸில்தான். ஆனால் ஒன்றின் மூக்கில் அந்தச் சிறுநீரக வடிவ கிரில், மற்றதில் செங்குத்து விளக்குகள். நடுராத்திரியிலும் குழம்ப மாட்டீர்கள். கண்ணை மூடினாலும் காடிலாக்கின் டர்போ இல்லாத 5.5 லிட்டர் வி8 தன் பெயரைச் சொல்லிவிடும்.

அதிகம் வாக்குவாதம் நடந்தது பெஜோ 9எக்ஸ்8 பற்றிய கூட்டத்தில்தான். 2022இல் மொன்ஸாவில், காரைக் கீழே அழுத்தும் பின்பக்க இறக்கையான விங்கே இல்லாமல் களமிறங்கிய கார் அது. வரம்புக்குட்பட்ட டவுன்ஃபோர்ஸை அடித்தளமே தந்துவிடும்போது விங் எதற்கு என்பது அவர்கள் கணக்கு. 2024இல் இமோலாவில் விங்கோடு வந்தது. அழகுக்கு ஆசைப்பட்டு ஏமாந்தார்கள் என்று ஒரு தரப்பு அடித்துச் சொன்னது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கீழே டயரைப் பாருங்கள். முதல் காரில் நான்கு டயரும் ஒரே அகலம். 2024இல் முன்னே குறுகல், பின்னே அகலம். அதற்கேற்ப எடையையும் டவுன்ஃபோர்ஸையும் பின்பக்கம் தள்ள வேண்டியிருந்தது, விங்கும் அதோடு வந்து சேர்ந்தது. சிறந்த தோற்றத்துக்கான வாக்கெடுப்பில் ஃபெராரி 499பி வென்றதைச் செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன். என் வாக்கு விங் இல்லாத பெஜோவுக்கே.

மூத்த உறுப்பினர் ஒருவர் போர்ஷே 917 என்ற பழைய பந்தயக் கார் பற்றி ஆற்றிய உரைதான் இந்த ஆண்டின் சிறந்த நிகழ்ச்சி. 1969இல் அந்தக் கார் வேகமெடுத்தால் பின்பக்கம் ஆடும், ஓட்டுநர்கள் பயந்தார்கள். அக்டோபரில் ஆஸ்திரியாவின் ட்ஸெல்ட்வெக் தளத்தில் சோதனை. போர்ஷே கார்களை ஓட்டவிருந்த ஜான் வையர் அணியின் பொறியாளர் ஜான் ஹோர்ஸ்மன் ஒன்றைக் கவனித்தார்: முன்பக்கமெல்லாம் செத்த கொசுக்கள் ஒட்டியிருக்க, காற்றைத் திருப்பும் பின் தகடுகளான ஸ்பாய்லர்கள் சுத்தமாக இருந்தன. கொசு படவில்லை என்றால் காற்றும் படவில்லை. அங்கேயே அலுமினியத் தகடு வைத்து வாலை உயர்த்தினார்கள், ஆட்டம் அடங்கியது. அந்தக் குட்டை வால்தான் 917கே. 1970இல் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் லெ மானில் போர்ஷேக்கு முதல் ஒட்டுமொத்த வெற்றியைத் தந்தது அதில்தான். இன்று அழகு என்று போஸ்டரில் ஒட்டி ரசிக்கும் வால் இப்படிப் பிறந்தது.

பந்தயத் தொழில்நுட்பம் சாலைக் காருக்கு வருகிறதா என்று ஒரு கூட்டம் வைத்தோம். 1953இல் டிஸ்க் பிரேக்குடன் வென்ற ஜாகுவாரையும், 2006இல் டீசலில் வென்ற ஆடியையும் வழக்கம்போல எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே மோட்டாரும் பேட்டரியும் கொடுக்கிற எல்எம்டிஹெச் காலத்தில் அந்தப் பேச்சு பாதிக்குமேல் விளம்பரம் என்பது என் கருத்து. கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தது, அதையும் குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

ஜூனில் லெ மான் இரவை ஒன்றாகப் பார்த்தோம். ஹைப்ரிட் இல்லாமல் 6.5 லிட்டர் வி12உடன் வந்த ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி திரைக்கு வரும்போதெல்லாம், ஒலியைக் குறைக்கச் சொன்ன அதே ஆட்கள் கூட்டச் சொன்னார்கள். குபீட்சா, யே யிஃபேய், ஹான்சன் மூவரும் ஓட்டிய மஞ்சள் ஃபெராரி வென்றது. ஃபெராரிக்கு இது தொடர்ந்து மூன்றாம் வெற்றி. இரண்டாவது வந்த போர்ஷே சுமார் 14 விநாடிதான் பின்னால். நாலாவதாக முடித்த 50ஆம் எண் ஃபெராரி பிறகு தகுதி நீக்கப்பட்டது. பின் விங் அனுமதித்த அளவைத் தாண்டி வளைந்ததாம். பலகையில் எழுதிய முடிவைத் துணைச் செயலாளர் அழித்து மீண்டும் எழுத வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு (2026) உலகச் சாம்பியன்ஷிப்பில் போர்ஷேயின் தொழிற்சாலை அணி இருக்காது, ஹூண்டாயின் சொகுசுக் கார் பிராண்டான ஜெனிசிஸ் வருகிறது. அதன் எஞ்சின் ஹூண்டாயின் ராலி எஞ்சினை அடிப்படையாக வைத்து உருவாக்கிய வி8 என்பதால் முதல் கூட்டத்தை எஞ்சினுக்கே ஒதுக்கலாம் என்று செயற்குழு கருதுகிறது. தலைப்பு வேறு யோசிப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். பந்தய மலர்களையும் அன்றே கொண்டுவந்துவிடுங்கள்.

அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்